பழைய இம்பாலா, கேப்ரிஸ் வண்டில இருக்கிறது எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கால பழைய செவர்லே செடான் வாங்குறவங்க, வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரே சந்தேகத்தைத்தான் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா இங்க போட்டுட்டேன். 1965-ல இருந்து 1996 வரைக்கும் வந்த பெரிய சைஸ், பின்சக்கர டிரைவ் இம்பாலா, கேப்ரிஸ் பத்தித்தான் பேசறேன். செவர்லேயோட தாய்க் கம்பெனி ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) செஞ்ச மத்த பெரிய வண்டிகளுக்கும் பாதி பொருந்தும்.

"வண்டி 1968 இம்பாலா. வருஷம் தெரிஞ்சா எஞ்சின் தெரிஞ்சுடும்ல?"

தெரியாது. அந்த ஒரு வருஷத்துல மட்டுமே இம்பாலாவுக்கு 250 சிக்ஸ், 307, 327, 396, 427ன்னு அஞ்சு சைஸ் எஞ்சின் இருந்துச்சு (நம்பர் எல்லாம் கன இன்ச் கொள்ளளவு, சிக்ஸ்னா ஆறு சிலிண்டர்). கியர்பாக்ஸ்ல மூணு ஸ்பீடு மேனுவல், நாலு ஸ்பீடு மேனுவல், ரெண்டே கியர் இருக்கிற பவர்கிளைடு, டர்போ 400ன்னு தனி வரிசை, கடைசி ரெண்டும் ஆட்டோமேட்டிக். அப்போ ஷோரூம்ல உக்காந்து ஆர்டர் ஷீட்ல டிக் பண்ணித்தான் வண்டி வாங்குவாங்க, ஒரே தெருவுல நிக்கிற ரெண்டு 68 இம்பாலா உள்ளுக்குள்ள வேற வேற வண்டியா இருக்கலாம்.

இன்னொண்ணு, இதெல்லாம் அம்பது வருஷத்துக்கு மேல ஓடின வண்டி. நடுவுல எவனாவது எஞ்சினை மாத்தியிருப்பான். அதனால கேள்வி ரெண்டு: ஃபேக்டரில என்ன போட்டு அனுப்பினாங்க, இப்போ உள்ள என்ன இருக்கு. முதலாவதுக்கு பேப்பரும் வின் நம்பரும் (VIN, வண்டியோட அடையாள எண்) பதில் சொல்லும், ரெண்டாவதுக்கு இரும்பைத்தான் படிக்கணும். இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறதாலதான் பாதிப்பேர் தப்பான பார்ட்ஸ் வாங்கிட்டு வந்து முழிக்கறாங்க.

"வின் நம்பர் எங்க பாக்கணும் ப்ரோ?"

1968-ல இருந்து டிரைவர் பக்கம் டேஷ்போர்டு மேல, வெளிய நின்னு கண்ணாடி வழியாவே படிக்கலாம். அதுக்கு முன்னாடி வண்டின்னா டிரைவர் கதவைத் திறந்து கதவு மாட்டியிருக்கிற தூண்ல ஒரு சின்னத் தகடு இருக்கும், அதுல. 1980 மாடல் வரைக்கும் 13 எழுத்து, 1981-ல இருந்து 17 எழுத்து.

"என்னோடது 69. வின்ல எஞ்சின் கோடு எத்தனாவது எழுத்து?"

எத்தனாவதும் இல்ல. 1965-ல இருந்து 71 வரைக்கும் செவர்லே வின்ல எஞ்சின் கோடே கிடையாது, எத்தனை ஆப்ல போட்டு டீகோட் பண்ணாலும் இல்லாதது வராது. சிக்ஸ் சிலிண்டரா வி8-ஆன்னு மட்டும் சொல்லும். 163ன்னு ஆரம்பிச்சா சிக்ஸ் சிலிண்டர் இம்பாலா, 164ன்னா வி8 இம்பாலா. அடுத்து வர்ற 69ங்கிறது நாலு கதவு செடான், 39ன்னா நடுத்தூண் இல்லாத நாலு கதவு ஹார்டுடாப். நிறையப்பேர் இந்த 69-ஐப் பாத்துட்டு வருஷம்னு நினைச்சுக்கறாங்க. வருஷம் அதுக்கு அடுத்து வர்ற ஒத்தை நம்பர், 8ன்னா 1968, 9ன்னா 1969. அதுக்கப்புறம் ஃபேக்டரி எழுத்து, ஜே வந்தா விஸ்கான்சின்ல இருக்கிற ஜேன்ஸ்வில்.

அதனால யாராவது "வின்படி இது ஒரிஜினல் 427 வண்டி"ன்னு 69 இம்பாலாவை விக்க வந்தா, வின் அப்படிச் சொல்லவே முடியாதுன்னு மட்டும் சொல்லிட்டு அவங்க மூஞ்சியைப் பாருங்க.

"72-க்கு அப்புறம் வந்த வண்டின்னா?"

1972-ல இருந்து 1980 வரைக்கும் அஞ்சாவது எழுத்து எஞ்சின், ஆறாவது வருஷம். உதாரணத்துக்கு 1எல்69யு7ன்னு ஆரம்பிச்சா: 1 செவர்லே, எல் இம்பாலா, 69 செடான், யு 305 வி8, 7ன்னா 1977.

இதுல ஒரு கண்ணி இருக்கு. ஒரே எழுத்து வருஷத்துக்கு வருஷம் வேற எஞ்சினைக் குறிக்கும். 1977-ல யு 305. அதே யு 1972-ல 402, அது பிக் பிளாக், அதாவது பெரிய வகை வி8. 77-ல எல் வந்தா 350. வருஷத்தைச் சொல்லாம "என் வண்டி யு கோடு, என்ன எஞ்சின்"னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது.

"என்னோடது 17 எழுத்து வின். இதுல?"

எட்டாவது எழுத்து எஞ்சின், பத்தாவது வருஷம், பதினொண்ணாவது ஃபேக்டரி. எண்பதுகள் கேப்ரிஸ்ல எட்டாவது ஹெச்னா 305 நாலு பேரல் கார்பரேட்டர். ஒய்னா அது செவர்லே எஞ்சினே இல்ல, ஜிஎம்மோட இன்னொரு பிராண்டான ஓல்ட்ஸ்மொபைலோட 307 (கீழ தனியா எழுதியிருக்கேன்). இசட்னா 4.3 வி6. 1991-ல இருந்து 93 வரைக்கும் ஈ வந்தா 305, 7 வந்தா 350, ரெண்டும் டிபிஐ, அதாவது கார்பரேட்டர் இருக்கவேண்டிய இடத்துல உக்காந்திருக்கிற இன்ஜெக்‌ஷன். 94-ல இருந்து 96 வரைக்கும் டபிள்யு (4.3 வி8, கீழ வருது), இல்லாட்டி பார்க்கிங்குக்குப் போடற அந்த பி (P). பி வந்தா 5.7 லிட்டர் எல்டி1 வி8, கண்ணுல ஒத்திக்கோங்க.

வருஷ எழுத்துல 1981 பி (B), 82 சி, அப்படியே வரிசையாப் போய் 91 எம், 94 ஆர், 96 டி (T). ஐ, ஓ, க்யூ மூணும் வின்லயே கிடையாது, 1, 0-ன்னு தப்பாப் படிச்சுடக் கூடாதுன்னு எடுத்துட்டாங்க. வருஷ எழுத்துல யு-வும் வராது.

"ஏர் கிளீனர் மூடில 350ன்னு பெரிய ஸ்டிக்கர் இருக்கே, அது போதாதா?"

போதாது. அந்த மூடி ஒரே ஒரு விங் நட்ல நிக்குது, ஸ்டிக்கர் புதுசாவே கடைல கிடைக்குது. 305 வண்டிக்கு 350 ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு ஆகுற நேரம் ஒரு நிமிஷம். பானட்டுக்கு அடியில இருக்கிற எமிஷன் லேபிள் கொஞ்சம் நம்பகமானது, அதுல லிட்டர் கணக்கு போட்டிருக்கும், ஆனா அதுவும் ஃபேக்டரில என்ன போட்டாங்கன்னுதான் சொல்லும், இப்போ என்ன இருக்குன்னு சொல்லாது.

"சரி, எஞ்சின் மேலயே நம்பர் இருக்குன்னு சொல்றாங்களே, எவ்ளோ தேடியும் கண்ணுல படல"

வி8-ன்னா வண்டிக்கு முன்னாடி நின்னு பாக்காதீங்க, பயணி பக்கம் போய் நில்லுங்க. பயணி பக்க சிலிண்டர் ஹெட் முன்பக்கம் முடியற இடத்துல, ஹெட்டுக்கு வெளிய பிளாக் கொஞ்சூண்டு நீட்டிக்கிட்டு இருக்கும், மெஷின்ல சீவின மாதிரி தட்டையா, ரெண்டு விரல் அகலம். அதுதான் ஸ்டாம்ப் பேட். ஆல்டர்னேட்டரோ அதோட பிராக்கெட்டோ மறைச்சிருக்கும், மேல அம்பது வருஷ எண்ணெய்ப் பிசுக்கு தார் மாதிரி இறுகி இருக்கும், பெயிண்ட் வேற. அதனாலதான் கண்ணுல படல.

கார்பரேட்டர் கிளீனர் அடிச்சு அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு, பழைய துணியில துடைங்க, போகலன்னா பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர். வயர் பிரஷ், உப்புத்தாள், கிரைண்டர் எதுவும் பக்கத்துல வரக்கூடாது, எழுத்து ரொம்ப மேலாகத்தான் குத்தியிருக்கும், ஒருதடவை தேஞ்சா போனதுதான். அப்புறம் டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு ஃபோன்ல போட்டோ எடுங்க, கண்ணுக்குத் தெரியாத எழுத்து போட்டோல தெரியும்.

அதுல வி0415ன்னு ஆரம்பிச்சா: வி மிச்சிகன்ல ஃபிளிண்ட் எஞ்சின் ஃபேக்டரி, 04 ஏப்ரல், 15 தேதி. வி-க்குப் பதிலா டி (T) இருந்தா நியூயார்க் மாநிலத்துல டோனவாண்டா. கடைசில வர்ற ரெண்டு மூணு எழுத்துதான் முக்கியம், அதை சஃபிக்ஸ்னு சொல்லுவாங்க, எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸோட போறதுக்காகச் செஞ்சதுங்கிறதை அதுதான் சொல்லும். இங்கயும் அதே கண்ணி: சஃபிக்ஸ் வருஷா வருஷம் திரும்பத் திரும்ப வரும், ஸ்டாம்ப்ல வருஷம் இருக்காது. அதுக்குத்தான் அடுத்த கேள்வி. சிக்ஸ் சிலிண்டர்னா பேட் இங்க இல்ல, பிளாக்கோட பயணி பக்கம் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்துல தேடுங்க.

"காஸ்டிங் நம்பர்னு வேற ஒண்ணு சொல்றாங்க, அதுவும் இதுவும் ஒண்ணா?"

வேற. ஸ்டாம்ப் குத்தினது, காஸ்டிங் நம்பர் பிளாக்கை வார்க்கும்போதே புடைப்பா வந்தது. ஸ்மால் பிளாக்ல (305, 350 மாதிரி சின்ன வகை வி8) டிரைவர் பக்கம், ஹெட்டுக்குப் பின்னாடி, கியர்பாக்ஸ் மாட்டுற ஓரத்துல இருக்கும், ஒரு கண்ணாடித் துண்டு வச்சுப் பாத்தா சுலபம். 3951511ன்னா 400. 3970010ன்னா பெரும்பாலும் 350, ஆனா 1969-ல அதே அச்சுல 302, 327 கூட வந்துச்சு, அந்த பிளாக்கையே 79 வரைக்கும் வார்த்துக்கிட்டு இருந்தாங்க.

அதனால வார்த்த தேதியையும் சேத்துப் படிக்கணும். அதுவும் பின்னாடி ஓரத்துலதான், பெரும்பாலும் பயணி பக்கம். டி (D) 15 9ன்னு இருந்தா, டி நாலாவது எழுத்து, அதனால நாலாவது மாசம், ஏப்ரல் 15, வருஷம் 9-ல முடியறது. 69-ஆ 79-ஆன்னு அது சொல்லாது, அதைக் காஸ்டிங் நம்பரையும் சஃபிக்ஸையும் சேத்து வச்சு நீங்கதான் கண்டுபிடிக்கணும். பிளாக் வார்த்த தேதி எஞ்சின் கோத்த தேதிக்கு முன்னாடி இருக்கணும், எஞ்சின் கோத்த தேதி வண்டி வெளிய வந்ததுக்கு முன்னாடி இருக்கணும். இந்த வரிசை உதைச்சா எஞ்சின் மாறியிருக்கு, சந்தேகமே வேண்டாம்.

"305, 350 ரெண்டும் வெளிய இருந்து பாத்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியுமா?"

முடியாது. ரெண்டும் ஒரே குடும்பம், வெளித்தோற்றம் ஒண்ணே. சிலர் ஸ்பார்க் பிளக் ஓட்டைல குச்சியை விட்டு பிஸ்டன் எவ்ளோ ஏறி இறங்குதுன்னு அளந்து பாருங்கன்னு ஐடியா குடுப்பாங்க, அது வேலைக்கே ஆகாது, ஏன்னா ரெண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒண்ணுதான், 3.48 இன்ச். வித்தியாசம் போர்ல, அதாவது சிலிண்டரோட விட்டத்துல: 350-க்கு 4 இன்ச், 305-க்கு 3.736. ஹெட்டைக் கழட்டினாத்தான் அளக்க முடியும். 307, 327 ஜோடிக்கும் இதே கதை, ஸ்ட்ரோக் ரெண்டுக்கும் 3.25. காஸ்டிங் நம்பரைப் படிங்க, குச்சியைத் தூக்கிப் போடுங்க.

வெளிய இருந்து தெரியறது சிலது உண்டு. வால்வ் கவர்ல ஓரத்துல நாலு போல்ட்னா பழைய ஸ்மால் பிளாக், போல்ட் நடுவுல வரிசையா இருந்தா 1987-க்கு அப்புறம் வந்த ஹெட், ஓரத்துல ஏழு போல்ட்னா பிக் பிளாக்.

"வின்ல ஒய் கோடு, 307ன்னு சொல்றாங்க. 307 செவர்லே எஞ்சின்தானே?"

1968-ல இருந்து 73 வரைக்கும் வந்தது செவர்லே 307. எண்பதுகள்ல வந்தது ஓல்ட்ஸ்மொபைல் 307. கன இன்ச் ஒண்ணு, மத்தபடி ஒரு கேஸ்கெட் கூட ஒத்துப்போகாது. ஓல்ட்ஸ் எஞ்சினைக் கண்டுபிடிக்க சுலபமான வழி, ஆயில் ஊத்தற குழாய் முன்பக்கத்துல இருந்து தனியா நீட்டிக்கிட்டு நிக்கும், செவர்லேல வால்வ் கவர்ல ஊத்துவோம். ஜிஎம்மோட இன்னொரு பிராண்டான ப்யூக் வி8-ன்னா டிஸ்ட்ரிபியூட்டரே முன்னாடி இருக்கும்.

இப்படிக் கலந்து போட்டதால ஜிஎம் நல்லா வாங்கிக் கட்டிக்கிச்சு. 1977-ல ஓல்ட்ஸ்மொபைல் 88 வாங்கினவங்க சிலர் ஃபில்டரும் பெல்ட்டும் மாத்தப்போன இடத்துல உள்ள இருக்கிறது செவர்லே 350ன்னு தெரிஞ்சு கொதிச்சுப் போனாங்க, ஏன்னா ஓல்ட்ஸ் 'ராக்கெட்' எஞ்சின்னு சொல்லித்தானே அதிக விலைக்கு வித்தாங்க. வழக்கு போட்டு, கம்பெனி நஷ்டஈடு குடுத்து முடிச்சுது. அதுக்கப்புறம்தான் விளம்பரத்துல, எங்க வண்டிகள்ல ஜிஎம்மோட பல பிரிவுகள் செஞ்ச எஞ்சின் இருக்கும்னு பொடி எழுத்துல ஒரு வரி போட ஆரம்பிச்சாங்க.

"கியர்பாக்ஸ் வின்ல எத்தனாவது எழுத்து?"

எந்த வருஷ வின்லயும் கிடையாது. வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி (ஜாக்கை மட்டும் நம்பி அடியில போகாதீங்க, ப்ளீஸ்) படுத்துக்கிட்டு கியர்பாக்ஸோட ஆயில் பேனைப் பாருங்க, போல்ட்டை எண்ணுங்க. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இதைவிட நல்ல வழி இல்ல.

11 போல்ட்னா டர்போ 200, பேன்லயே மெட்ரிக்னு அச்சு இருக்கும், கனமான வண்டிக்குக் கொஞ்சம் சோப்ளாங்கி. 14 போல்ட்னா அலுமினியம் பவர்கிளைடு, கியர் குறியும் பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், லோ அவ்ளோதான். 16 போல்ட்னா நாலு கியர் ஓவர்டிரைவ் வகை. 13 போல்ட் வந்தா ரெண்டு வாய்ப்பு, இங்கதான் எல்லாரும் தடுக்கி விழறாங்க. பேன் சதுரமா ஒரே ஒரு மூலை மட்டும் வெட்டின மாதிரி இருந்தா டர்போ 350. கோணல்மாணலா, டெக்சஸ் மேப் மாதிரி இருந்தா டர்போ 400.

இன்னும் டவுட்டுன்னா பயணி பக்கம் வாக்குவம் மாடுலேட்டர்னு உருண்டையா ஒரு டப்பா இருக்கும். அது பின்னாடி தள்ளி இருந்தா 350, முன்பக்கமா இருந்தா 400. 350-க்கு கிக்டவுன் கேபிள் வரும், 400-க்கு கேபிள் கிடையாது, கரண்ட் வயர் போகும். டர்போ 350 செவர்லே கார்ல 1969 மாடல்லதான் வந்துச்சு, அதுக்கு முந்தின வண்டில இருந்தா யாரோ அப்புறம் மாட்டினதுன்னு அர்த்தம். தப்பில்ல, பவர்கிளைடை எடுத்துட்டு அதைப் போட்டா ஹைவேல வண்டி எவ்ளோ சொகம்னு ஓட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

"16 போல்ட் எண்ணிட்டேன். 700ஆர்4-ஆ, 200-4ஆர்-ஆ, 4எல்60இ-யா?"

மூணுக்குமே 16. பேன் கிட்டத்தட்ட நேரான செவ்வகமா இருந்தா 700ஆர்4 இல்லாட்டி 4எல்60இ, வளைஞ்சு நெளிஞ்சு இருந்தா 200-4ஆர். முதல் ரெண்டுல, கார்பரேட்டர் அல்லது த்ராட்டில்ல இருந்து டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள் கீழ இறங்கி வந்தா 700ஆர்4, கேபிள் இல்லாம பயணி பக்கம் ஒரு பெரிய உருண்டை எலெக்ட்ரிக் கனெக்டர் மட்டும் இருந்தா 4எல்60இ, கேப்ரிஸ்ல அது 94-ல வந்தது. 1990-ல 700ஆர்4-க்கே 4எல்60ன்னு பேரு மாத்தினாங்க, கடைசில இ இல்லாட்டி அது பழைய பெட்டிதான்.

டிவி கேபிள் இருக்கிற வண்டின்னா ஒண்ணு கேட்டுக்கோங்க. அந்தக் கேபிள் கழண்டு இருந்தாலோ தப்பா செட் பண்ணியிருந்தாலோ உள்ள பிரஷர் ஏறாது, கிளட்ச் கருகிடும். வாங்கின அன்னிக்கே செக் பண்ணிட்டு அப்புறம் ஓட்டுங்க.

"இவ்ளோ அலையாம ஃபேக்டரி என்ன போட்டுச்சுன்னு ஒரே இடத்துல எழுதி இருக்காதா?"

எண்பதுகள் நடுவுல இருந்து வந்த வண்டின்னா இருக்கு. டிக்கி மூடியோட உள்பக்கமோ ஸ்டெப்னி பக்கத்துலயோ ஒரு ஸ்டிக்கர், முழுக்க மூணு மூணு எழுத்தா கோடு. எல்ஜி4 305 கார்பரேட்டர், எல்05 350 டிபிஐ, எல்டி1 எல்டி1-யே. எம்டி8 700ஆர்4, எம்டபிள்யு9 200-4ஆர், எம்30 4எல்60இ. ஜியு4 வந்தா பின் ஆக்சில் 3.08, ஜி80 வந்தா லிமிடெட் ஸ்லிப் (ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாச் சுத்தாம தடுக்கிற டிஃபரன்ஷியல்). கார் வாங்கப்போகும்போது நான் முதல்ல டிக்கியைத்தான் திறக்கச் சொல்லுவேன்.

பழைய வண்டிக்கு பில்ட் ஷீட்டுன்னு ஒரு பேப்பர், பெட்ரோல் டேங்க் மேலயோ பின் சீட்டு ஸ்பிரிங்குக்குள்ளயோ சொருகி இருக்கும், எலி விட்டுவச்சிருந்தா உங்க அதிர்ஷ்டம். 65-ல இருந்து 72 வரைக்கும் வாரண்டி புக்கோட ஒரு குட்டி உலோகத் தகடு குடுத்தாங்க, அதுலயும் எஞ்சின் சஃபிக்ஸ் இருக்கும்.

"விக்கிறவர் மேட்சிங் நம்பர்ஸ்னு, அதாவது ஃபேக்டரில போட்ட அதே எஞ்சின்தான்னு சொல்றார், நம்பலாமா?"

1968-ல இருந்து வந்த வண்டின்னா, முன்னாடி சொன்ன ஸ்டாம்ப் பேட்ல பெரும்பாலும் சஃபிக்ஸோட சேத்து வண்டியோட வின்ல ஒரு பகுதியும் குத்தியிருக்கும், கியர்பாக்ஸ்லயும் அப்படித்தான். அது டேஷ்போர்டு வின்னோட ஒத்துப்போகணும். போட்டோ அனுப்பச் சொல்லுங்க, "எஞ்சின் ரீபில்ட் பண்ணப்போ அழிஞ்சுடுச்சு"ன்னு சொன்னா அது உண்மையாவும் இருக்கலாம், பிளாக் மேல்தளத்தைச் சீவும்போது நம்பர் போயிடும். ஆனா அழிஞ்ச நம்பருக்கு யாரும் காசு குடுக்க மாட்டாங்க, நீங்களும் குடுக்காதீங்க. புதுசா குத்தின போலியும் உண்டு: ஒரிஜினல் பேட்ல ஃபேக்டரி கட்டரோட மெல்லிய நேர்க்கோடுகள் முன்னும் பின்னுமா ஓடும். வழவழன்னு இருந்து எழுத்து மட்டும் பளிச்சுன்னு இருந்தா உஷார்.

"71-ல 245 குதிரைசக்தி, 72-ல அதே 350-க்கு 165. எஞ்சினை மட்டமாக்கிட்டாங்களா?"

அளக்கிற முறை மாறிச்சு. முன்னாடி ஃபேன், ஆல்டர்னேட்டர், முழு சைலன்சர் எதுவும் இல்லாம வெறும் எஞ்சினை ஸ்டாண்டுல வச்சு அளந்தாங்க, அது கிராஸ். 72-ல இருந்து வண்டில இருக்கிற மாதிரியே எல்லாம் மாட்டி அளந்தது நெட். 71-ல ஜிஎம் ரெண்டையுமே போட்டுச்சு, ரெண்டு பேரல் 350-க்கு 245 கிராஸ், 165 நெட். அதே எஞ்சின்தான். கம்ப்ரஷனைக் குறைச்சதும் உண்மை, ஆனா அது 71-லயே நடந்துடுச்சு. அதனால குதிரைசக்தியை வச்சு எஞ்சினைக் கண்டுபிடிக்கப் போகாதீங்க.

"4.3ன்னு எழுதியிருக்கு. ஒருத்தர் வி6ங்கிறார், இன்னொருத்தர் வி8ங்கிறார்"

ரெண்டு பேரும் சரி. எண்பதுகள் கேப்ரிஸ்ல இசட் கோடு 4.3 வி6. 94-ல இருந்து 96 வரைக்கும் டபிள்யு கோடு 4.3 வி8, எல்99ன்னு பேரு, 200 குதிரைசக்தி. இந்த எல்99 வெளிய இருந்து பாத்தா 260 குதிரைசக்தி எல்டி1 மாதிரியே இருக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் கூட ரெண்டுலயும் முன்னாடி வாட்டர் பம்ப்புக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும். எல்டி1ன்னு சொல்லி எல்99-ஐத் தலைல கட்டப் பாப்பாங்க, எட்டாவது எழுத்தைப் பாருங்க.

"கல்ஃப்ல நண்பர்கிட்ட 2002 கேப்ரிஸ் இருக்கு, இந்தக் கோடெல்லாம் அதுக்கு வருமா?"

வராது. அமெரிக்கால செஞ்ச கேப்ரிஸ் 96-ஓட நின்னு போச்சு. கல்ஃப்ல 99-ல இருந்து வித்தது ஆஸ்திரேலியால ஹோல்டன் செஞ்ச வண்டி, பேட்ஜ் மட்டும் செவர்லே. வின் 6-ல ஆரம்பிக்கும். ஹோல்டன் லிஸ்ட்ல தேடச் சொல்லுங்க.

"வின் 305ங்குது, பிளாக் 350ங்குது. பார்ட்ஸ் கடைல எதைச் சொல்றது?"

எஞ்சினுக்குள்ள போற பார்ட்டுக்கு பிளாக் என்ன சொல்லுதோ அதை. கவுண்டர்ல இருக்கிறவர் கம்ப்யூட்டர்ல வருஷம், மாடல் தட்டித்தான் எடுப்பார், அதனால பிளாக் எந்த வருஷமோ அந்த வருஷ வண்டியைச் சொல்லிக் கேளுங்க. முக்கியமா 1986-ல ரியர் மெயின் சீல் (கிராங்க்கோட பின்பக்க ஆயில் சீல்) ரெண்டு துண்டுல இருந்து ஒரே துண்டா மாறிச்சு, அதோட கிராங்க்ல ஃபிளெக்ஸ்பிளேட் மாட்டுற போல்ட் வரிசையும் மாறிச்சு, இது ரெண்டையும் கலந்து வாங்கினா மாட்டவே முடியாது. பிரேக், சஸ்பென்ஷன், ரேடியேட்டருக்கு வண்டியோட வின்படி போங்க.

எமிஷன் டெஸ்டுக்கு மட்டும் கணக்கு வேற. கலிஃபோர்னியால 1975-உம் அதுக்கு முந்தினதும் ஸ்மாக் டெஸ்ட்ல இருந்து தப்பிச்சுக்கும், 76-ல இருந்து உண்டு. அங்க எஞ்சின் மாத்தினா வண்டியோட வருஷத்தைவிடப் பழைய எஞ்சின் போடக்கூடாது, அந்த எஞ்சினோட வந்த எமிஷன் சாமான் அத்தனையும் இருக்கணும். 84 கேப்ரிஸ்ல 72 பிளாக் உக்காந்திருக்குன்னு காஸ்டிங் தேதி காட்டினா, காசு குடுக்கறதுக்கு முன்னாடி விக்கிறவரையே டெஸ்ட் பாஸ் பண்ணின சர்ட்டிஃபிகேட் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.